ராட் பேரிங்குக்கு எத்தனை மைக்ரான்?

எஞ்சின் கட்டுகிறவர்களிடம் பேரிங் கிளியரன்ஸ் எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுற்றுகிற கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைச் சுற்றி உட்காரும் பேரிங் ஷெல்லுக்கும் நடுவே ஆயிலுக்காக விடுகிற இடைவெளி அது. பிஸ்டனிலிருந்து வரும் ராட் கிராங்க்கைப் பிடிக்கிற இடத்தில் ராட் பேரிங், பிளாக் கிராங்க்கைத் தாங்குகிற இடத்தில் மெயின் பேரிங். முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் "ரெண்டு தவ்" என்பார்கள். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ரெண்டு தவ் என்றால் 0.05 மி.மீ., அதாவது 50 மைக்ரான். என்ன எஞ்சின், பிளாக் இரும்பா அலுமினியமா, எந்த ஆயில் ஊற்றப் போகிறீர்கள், ஒரு கேள்வி வராது.

அந்த எண்ணுக்குப் பூர்வீகம் உண்டு. பேரிங்குக்குள் சுற்றும் கிராங்க் பகுதிக்கு ஜர்னல் என்று பெயர், அதன் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு தவ் என்பது பழைய கணக்கு. ரெண்டு அங்குல ஜர்னல் என்றால் ரெண்டு தவ். வார்ப்பிரும்பு பிளாக், கெட்டி ஆயில், பெரிய பம்ப் என்று இருந்த எஞ்சின்களுக்கு அது பொருந்தியது, அப்படிப்பட்ட எஞ்சின் வந்தால் நானும் அதையேதான் வைப்பேன். ஆனால் இப்போது வருகிற எஞ்சின்களின் மானுவலைத் திறந்தால் 0.020 முதல் 0.045 வரை என்கிற மாதிரி எண்கள்தான் கண்ணில் படுகின்றன. அதைப் பார்த்த பிறகும் ரெண்டு தவ்விலேயே நிற்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

எஞ்சின் பக்கம் வருவதற்கு முன் நான் டூல் ரூமில் அளவெடுக்கிற ஆளாக இருந்தேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. எஞ்சினைப் பிரித்ததும் மற்றவர்கள் பிஸ்டனைப் பார்ப்பார்கள், நான் மைக்ரோமீட்டரைத் தேடுவேன். ஆகவே இந்தப் பதிவு கொஞ்சம் எண் நெடியோடுதான் இருக்கும்.

இப்போது மேசையில் இருப்பது ஒரு நண்பருடைய காரின் எஞ்சின். நாலு சிலிண்டர் பெட்ரோல், அலுமினிய பிளாக், கிராங்க்கைக் கீழிருந்து பிடிக்கும் மெயின் கேப்களுக்குள் வார்ப்பிரும்பு. சூடானால் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்குகிறது என்று வந்தது. எஞ்சினை இறக்கும்போதே அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "அண்ணே, கொஞ்சம் லூசாவே வச்சிருங்க. டைட்டா வச்சா பிடிச்சுக்கும். நான் 20டபிள்யூ-50 ஊத்திக்கிறேன்." அது கெட்டி ஆயில்.

இந்த "லூசா இருந்தா தட்டும், டைட்டா இருந்தா பிடிச்சுக்கும், அதனால லூசா இருக்கட்டும்" என்கிற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஷாஃப்டை எது தாங்குகிறது என்று பார்த்தால்தான் அது ஆட்டம் காணும்.

ஆயில் பம்ப் தருகிற அழுத்தம்தான் கிராங்க்கைத் தூக்கி நிறுத்துகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1883-ல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். ஷாஃப்ட் சுற்றியதும் உள்ளே போக வேண்டிய ஆயில் அந்தத் துளை வழியாக வெளியே வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார், பிடுங்கிக்கொண்டு வந்தது. மரக்கட்டை அடித்தார், அதுவும் வெளியே வந்துவிட்டது. பம்ப் என்று ஒன்றுமே இல்லாத அமைப்பு அது. சுற்றுகிற ஷாஃப்ட், தன்மேல் ஒட்டியிருக்கும் ஆயிலைக் குறுகிக்கொண்டே போகும் சந்துக்குள் தானே இழுத்துக்கொண்டு போய், தன்னைத் தூக்குகிற அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மழைத் தண்ணீரில் வேகமாகப் போகும் டயர் ரோட்டை விட்டு மிதக்கிற அதே சங்கதி. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார். இன்றைய பேரிங் வடிவமைப்பு எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

பம்பின் வேலை அந்தச் சந்துக்கு ஆயில் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வதும், சூடான ஆயிலை வெளியே தள்ளிப் புதிதை அனுப்புவதும்தான். சுமை விழும் இடத்தில் ஆயில் படலத்துக்குள் இருக்கும் அழுத்தம் கேஜில் தெரிவதைப் போலப் பல மடங்கு. அந்த இடத்தில் படலத்தின் கனமோ ஒன்றிரண்டு மைக்ரான், சில நேரம் அதுவும் இல்லை. நாம் விடுகிற 40 மைக்ரானில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது.

அதனால் கிளியரன்ஸைக் கூட்டினால் படலம் கனக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கூட்டக் கூட்ட, ஷாஃப்டின் வளைவும் ஷெல்லின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்துவது குறைகிறது. சுமை அகலமாகப் பரவாமல் ஒரு சின்னப் பட்டையில் போய் விழுகிறது. குறைத்தால் சுமை நன்றாகப் பரவும், ஆனால் ஆயில் ஓட்டம் குறைந்து சூடு ஏறும். சூடு ஏறினால் ஆயில் நீர்த்துப் படலம் மெலியும். இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. டைட் பக்கம் உள்ள பள்ளத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். லூஸ் பக்கம் விழுந்தால் மெதுவாகத்தான் தெரியும், அதற்குள் குற்றம் ஆயில் மேல் போயிருக்கும்.

இன்னொரு கணக்கு. பேரிங் ஓரங்களில் ஆயில் கசிகிற அளவு, கிளியரன்ஸ் × கிளியரன்ஸ் × கிளியரன்ஸ் என்ற மும்மடிக்கு ஏற்றபடி கூடும். 0.035 இருந்த இடத்தில் ரெண்டு தவ், அதாவது 0.050 வைத்தால் கசிவு ஒன்றரை மடங்கு கூடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்துதான் தருகிறது, ஐடிலில் அது குறைவு. அத்தனை பேரிங்கிலும் கசிவை மும்மடங்காக்கிவிட்டு, அதே சின்ன பம்பை வைத்துக்கொண்டு, ஏன் ஐடிலில் விளக்கு எரிகிறது என்று கேட்டால் எப்படி? இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கிற கேமின் டைமிங்கை மாற்றுவதும் ஆயில் அழுத்தம்தான். மெயின் காலரி என்கிற முக்கிய ஆயில் வழியில் அழுத்தம் விழுந்தால் அந்த அமைப்பு சோம்பிவிடும்.

கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாமே என்றால், ஓரளவுக்குச் சமாளிக்கலாம். கிளியரன்ஸும் ஆயிலும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டிய விஷயங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 30, 40 என்ற எண்ணை விட, 150 டிகிரியில், குறுகிய சந்துக்குள் வேகமாக இழுபடும் நிலையில் ஆயிலுக்கு எவ்வளவு கெட்டித்தன்மை மிச்சம் இருக்கிறது என்பதுதான் பேரிங்குக்கு முக்கியம். எச்டிஎச்எஸ் என்று தரவுத்தாளில் போட்டிருப்பார்கள். மில்லிபாஸ்கல்-செகண்ட் அலகில் 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30 கிரேடுக்கு 2.9, 50 கிரேடுக்கு 3.7. நண்பர் சொன்ன 20டபிள்யூ-50 சூடேறிய பிறகு ஓடுவதற்குச் சரி. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் அது மெல்லிய காலரி வழியாகக் கேம் வரைக்கும் போய்ச் சேருவதற்கு எடுக்கும் நேரம்தான் எனக்குப் பிடிக்காது. மானுவல் 5டபிள்யூ-30 என்கிறது. நான் அதற்கேற்ற கிளியரன்ஸைத்தான் வைப்பேன், ஆயிலை மாற்றிக் கிளியரன்ஸுக்கு முட்டுக் கொடுக்க மாட்டேன்.

ரேஸ் எஞ்சின்களில் லூசாக வைக்கிறார்களே என்று அடுத்த கேள்வி வரும். வைக்கிறார்கள். 8000, 9000 சுற்றில் கிராங்க் வளைகிறது. ராட்டின் பெரிய கண் மேலும் கீழும் இழுபட்டு, கேப் சேரும் பக்கங்களில் உள்ளே ஒடுங்குகிறது. அதற்கு இடம் வேண்டும். சூட்டை வாரிக்கொண்டு போக ஆயில் ஓட்டமும் நிறைய வேண்டும். அவர்கள் அதற்கென்று பெரிய பம்ப் போடுகிறார்கள், எஞ்சினை ஒவ்வொரு சீசனும் பிரிக்கிறார்கள். ஆபீசுக்குப் போய்வரும் காருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

சரி, அளவுக்கு வருவோம்.

மானுவலில் ராட் பேரிங்குக்கு 0.020 முதல் 0.050, தேய்மான எல்லை 0.065. ராட் மாட்டுகிற கிராங்க் ஜர்னல்களான ராட் பின்களில் மூன்று நன்றாக இருந்தன: 41.994, 41.993, 41.994. மூன்றாவது சிலிண்டரின் பின் மட்டும் ஒரு திசையில் 41.988, அதற்குச் செங்குத்தாக 41.981. ஏழு மைக்ரான் நீள்வட்டம். மானுவல் அனுமதிப்பது ஐந்து. புது ஷெல் போட்டால் கிளியரன்ஸ் 0.040-க்கும் 0.047-க்கும் நடுவில் வரும், எல்லைக்குள்தான் இருக்கிறது. அப்படியே மாட்டிவிடலாம் என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். ஆனால் வட்டமாக இல்லாத பின்னுக்கு ஒரே ஒரு கிளியரன்ஸ் என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு சுற்றிலும் அது மாறிக்கொண்டே இருக்கும். நாலு பின்னையும் 0.25 அண்டர்சைஸுக்கு, அதாவது அவ்வளவு சின்னதாக அரைத்து அதற்கேற்ற தடித்த ஷெல் போடுவது என்று முடிவு செய்தேன். விட்டத்தில் கால் மில்லி என்றால் ஒரு பக்கத்துக்கு 0.125-தான். கடினப்படுத்திய தோல் அதற்குக் கீழேயும் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சில எஞ்சின்களுக்குக் கம்பெனி அண்டர்சைஸ் ஷெல்லே தருவதில்லை. அங்கே கிராங்க்கை மாற்றுவதுதான் வழி.

எல்லோரும் தலைகீழாகச் செய்கிற இடம் ஒன்று உண்டு. முதலில் கிராங்க்கை அரைக்கக் கொடுத்து, வந்த பிறகு ஷெல் வாங்கி, மாட்டிப் பார்த்து, வந்த கிளியரன்ஸை ஏற்றுக்கொள்வது. நான் ஷெல்லை முதலில் வாங்குவேன். ராட்டில் மாட்டி, போல்ட்டை முழு டார்க்குக்கும் கோணத்துக்கும் முறுக்கி, உள்விட்டத்தை அளப்பேன். இந்த முறை வந்தது 41.781, 41.779, 41.780, 41.783. எனக்கு வேண்டியது 38 மைக்ரான். அதைக் கழித்து, கிரைண்டருக்கு "41.743, கூடக் குறைய நாலு மைக்ரான்" என்று எழுதிக் கொடுத்தேன். "0.25 அடிச்சுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் அவர் தன் அட்டவணையில் இருக்கிற அளவுக்கு அடித்துக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை, என் ஷெல்லின் கனம் அவருக்கு எப்படித் தெரியும்? கூடவே, பின் ஓரத்தில் இருக்கும் ஃபில்லட் வளைவை அதே அளவில் விடச் சொல்ல வேண்டும். அது சின்னதானால் கிராங்க் அங்கேதான் விரிசல் விடும். பெரிதானால் ஷெல்லின் ஓரம் அதன்மேல் ஏறி உட்காரும்.

ஏன் 38? மானுவலின் நடுப்புள்ளி 35. அரைத்த பின்னில் சில மைக்ரான் அப்படி இப்படி இருக்கும் என்பதால் ஒரு மூன்று கூட்டிக்கொண்டேன். எல்லாம் சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் 32-க்கும் 44-க்கும் நடுவில் நிற்கும்.

அளக்கும்போது இரண்டு விஷயத்தை விட்டால் மற்றதெல்லாம் வீண். முதலாவது, எங்கே அளக்கிறோம் என்பது. ஷெல்லின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நடு முதுகில் தடிமன், ராட்டும் கேப்பும் சேரும் ஓரத்தை நோக்கி மெலிந்துகொண்டே போகும். ராட் கண் வேகத்தில் ஒடுங்கும் என்று சொன்னேனே, அதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்விட்டம் அளக்கிற போர் கேஜை, ராட்டும் கேப்பும் சேரும் கோட்டுக்குச் செங்குத்தாக வைத்து அளந்ததுதான் கிளியரன்ஸ். பக்கவாட்டில் அளந்துவிட்டு "அடேயப்பா, இவ்வளவு லூசா?" என்று பயந்து ஷெல்லைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

இரண்டாவது சூடு. 50 மி.மீ. இரும்பு பத்து டிகிரி சூடானால் ஆறு மைக்ரான் விரியும். நாம் சண்டை போடுவதே நாலைந்து மைக்ரானுக்கு. கிரைண்டிங்கிலிருந்து வெதுவெதுப்பாக வந்த கிராங்க்கை உடனே அளந்தால் அது பொய் சொல்லும். வெகுநேரம் கையில் பிடித்திருந்த மைக்ரோமீட்டரும் பொய் சொல்லும். நான் ஒரு ராத்திரி கிராங்க், ராட், பிளாக், கேஜ் எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டுவிட்டு மறுநாள்தான் தொடுவேன்.

மைக்ரோமீட்டர் கொஞ்சம் முன்பின் இருந்தால்கூடக் கிளியரன்ஸைச் சரியாக எடுக்க ஒரு வழி இருக்கிறது. பின்னை மைக்ரோமீட்டரால் அளந்து, அதன் சுழலும் பிடியான திம்பிளைப் பூட்டி, அதே திறப்புக்குள் போர் கேஜை வைத்து டயலைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு ராட்டுக்குள் விட்டால் டயல் காட்டுவதே நேராகக் கிளியரன்ஸ். மைக்ரோமீட்டரின் பிழை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து கழிந்துவிடும்.

பிளாஸ்டிகேஜ் பற்றிக் கேட்பீர்கள். மெழுகு நூலை வைத்து நசுக்கி அகலம் பார்ப்பது. பச்சை நூல் 0.025 முதல் 0.076 வரை காட்டும். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். போர் கேஜ் இல்லாதவருக்கு அது இருப்பது பெரிய விஷயம், எனக்கும் கடைசி நேரத்தில் ஒரு சாட்சியாக உதவுகிறது. ஆயில் துளி இருக்கக் கூடாது, கிராங்க்கைத் திருப்பக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு 38-ஆ 42-ஆ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, நீள்வட்டத்தையும் அது லேசில் காட்டிக்கொடுக்காது.

மெயின் பக்கம் கதை வேறு. மானுவலில் அங்கே 0.018 முதல் 0.038, ராட்டை விட இறுக்கம். சுமை குறைவு என்பதால் இல்லை. அலுமினியம், இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 50 மி.மீ. துளை, 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அலுமினியம் 0.092 விரிகிறது, உள்ளே இருக்கும் கிராங்க் 0.046. வித்தியாசம் 0.046. மேசையில் 30 மைக்ரான் இருந்தது ஓடும்போது 76 ஆகும் என்று அர்த்தம். கேப்களில் வார்த்திருக்கும் இரும்பு பிடித்து நிறுத்துவதால் முழுசாக அவ்வளவு வராது, ஆனால் கூடத்தான் செய்யும். இதையே திருப்பிப் போட்டால், கடுங்குளிரில் அலுமினியம் சுருங்கிக் கிராங்க்கை நெருக்கும். மைனஸ் 10 டிகிரியில் இதே கணக்கு 17 மைக்ரானைத் தின்றுவிடும். கீழ் எல்லை 18 என்று போட்டிருப்பதைப் பார்க்கும்போது, இதையும் அவர்கள் மனசில் வைத்துத்தான் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த பிளாக்கில் மெயினுக்கு ரெண்டு தவ் வைத்தால், சூட்டில் அது என்னவாகும் என்பதை நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஜர்னல்கள் அரைக்கத் தேவைப்படவில்லை. பிளாக்கிலும் கிராங்க்கிலும் அடித்திருக்கும் குறியீட்டைச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கலர் ஷெல் என்று அட்டவணை சொல்லும். டொயோட்டா போன்றவர்கள் இரண்டு எண்ணையும் கூட்டினாலே ஷெல் எண் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறியீடு எஞ்சின் பிறந்த அன்றைய அளவு. தேய்ந்த ஜர்னலுக்கு அது ஆரம்பப் புள்ளி, அவ்வளவே. அட்டவணைப்படி போட்டதில் நாலு மெயின் 0.030-ஐ ஒட்டி வந்தன, நடு மெயின் மட்டும் 0.039. ஒரு கிரேடுக்கும் அடுத்ததுக்கும் கனத்தில் 3 மைக்ரான் வித்தியாசம். நடு மெயினில் மேலும் கீழும் ஒரு கிரேடு தடித்ததைப் போட்டேன், 0.033 வந்தது. ஒரு பாதியை மட்டும் மாற்றியிருந்தால் 0.036. அதுவும் எல்லைக்குள்தான், இருந்தாலும் ஐந்தும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கும்.

ஷெல்லின் முதுகைத் தேய்ப்பது, கேப்பை ஃபைல் போடுவது, ஷெல்லுக்கு அடியில் பேப்பர் வைப்பது, இந்த வைத்தியமெல்லாம் இன்னும் நடக்கிறது. ஷெல் அரைவட்டத்தை விடத் துளி நீளமாக இருப்பது, கேப்பை முறுக்கும்போது நசுங்கி ஹவுசிங்கோடு இறுகப் பிடித்துக்கொள்வதற்காக. அந்தப் பிடி போனால் ஷெல் உள்ளே நகரும், சூடு பிளாக்குக்கு இறங்காது. பேப்பர் வைத்துக் கிளியரன்ஸைச் சரிக்கட்டுகிறவர்களிடம் வாதம் செய்வதை நான் நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

அரைத்து வந்த பின்கள் 41.742, 41.744, 41.743, 41.741. கிளியரன்ஸ் 39, 35, 37, 42. நாலாவதை 38-க்குக் கொண்டுவர இன்னும் மெனக்கெடலாம், ஆனால் அதற்குப் பெயர் வேலை இல்லை, வீம்பு. ஆயில் துளைகளைக் கம்பி பிரஷ் விட்டுக் கழுவினேன். கிரைண்டிங் தூள் உள்ளே இருந்தால் இத்தனை மைக்ரான் கணக்கும் முதல் நிமிஷத்திலேயே போய்விடும். கிராங்க் முன்பின் ஆட்டம் 0.14, சரி. மெயின்களை முறுக்கியதும் கிராங்க் ஒற்றைக் கையால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி, கேஜ் ஏறிய பிறகுதான் தீப்பொறி கொடுத்தேன்.

5டபிள்யூ-30, நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் 1.4 பார், 3000 சுற்றில் 3.6. நண்பர் கேஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ 20டபிள்யூ-50 ஊத்துனா இன்னும் ஏறும்ல?" என்றார். ஏறும் என்றேன். கேஜ் ஏறுவது அழுத்தம், பேரிங்குக்கு வேண்டியது ஓட்டம் என்று ஆரம்பித்தேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஷெல் எண், பின் அளவு, கிளியரன்ஸ் எல்லாம் எழுதிய தாளை லேமினேட் செய்து டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். அடுத்து இதைப் பிரிக்கப் போகிறவர் "ஸ்டாண்டர்ட் ஷெல் கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிடக் கூடாது.